விதையிலிருந்து கொத்தமல்லி: சிறு வீட்டுத் தோட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

கொத்தமல்லி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் மனம் தளர்கிறார்கள். விதை போட்டு இரண்டு வாரமாகியும் மண்ணில் பச்சை தெரியாதது ஒன்று. முளைத்து வளர்ந்த பிறகு, நாலு முறை இலை கிள்ளுவதற்குள் செடி நெடுநெடுவென்று நிமிர்ந்து பூத்துவிடுவது இன்னொன்று. இரண்டுக்கும் கைராசியைக் காரணம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. முதலாவது விதையின் அமைப்பால் வருகிறது, இரண்டாவது செடியின் ஆயுளால் வருகிறது. இவ்விரண்டையும் புரிந்துகொண்டால் மொட்டை மாடியின் ஒரு மூலையிலோ ஜன்னலோரத்திலோ பசுமை தொடர்ந்து இருக்கும்.

கொத்தமல்லி ஒருபருவச் செடி. விதைத்து மூன்று, மூன்றரை மாதத்தில் முளைத்து, இலை விட்டு, பூத்து, காய்த்து முடிந்துவிடும். அதில் நல்ல இலை கிடைக்கும் காலம் சில வாரங்கள்தான். எனவே ஒரே தொட்டியை எப்படியாவது நீட்டிக்கப் பார்ப்பதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக அடுத்தடுத்து விதைத்துக்கொண்டே போவதுதான் இந்தச் செடிக்கு ஒத்துவரும். கீழே வரும் எல்லாமே அந்த நோக்கில் சொல்லப்படுபவை.

எப்போது விதைப்பது

மிதமான குளிர்ச்சி இதற்குப் பிடிக்கும். மண்ணின் வெப்பம் 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் விதை நன்றாக முளைக்கும். பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் முளைப்பு குறையும், முளைத்த செடியும் அவசரமாகப் பூக்கப் பார்க்கும். பகல் பொழுது நீண்டிருப்பதும் பூப்பைத் தூண்டும். வெப்பமான பகுதிகளில் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களும், கடுங்குளிர் உள்ள பகுதிகளில் வசந்தத்தின் தொடக்கமும் கோடை முடிந்த வாரங்களும் சிறந்தவை. வளர்ந்த செடி லேசான உறைபனியைக்கூடத் தாங்கிவிடும். கடும் வெயிலைத்தான் தாங்காது.

கோடையில் விதைக்கவே கூடாதா? விதைக்கலாம். ஆனால் நிழல் வேண்டும், தண்ணீர் கூடுதலாக வேண்டும், பறிக்கும் காலமும் பாதியாகச் சுருங்கும். அதைத் தெரிந்துகொண்டு விதைத்தால் ஏமாற்றம் இருக்காது.

எந்த விதை

மல்லி விதையில் பெரிதும் சிறிதுமாக இரு வகை உண்டு. ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை குறுக்களவுள்ளவை பெரிய விதை வகை. 3 மில்லிமீட்டருக்குள் இருப்பவை சிறிய விதை வகை, இவற்றில் எண்ணெய்ச் சத்து அதிகம். இலைக்காக வளர்ப்பவர்கள் விதையின் பருமனைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். பூப்பதற்கு நாள் எடுக்கும் ரகமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். உறையின்மேல் 'தாமதமாகப் பூக்கும்' என்றோ 'இலைக்கு ஏற்றது' என்றோ எழுதியிருந்தால் அதையே எடுங்கள். சான்டோ, கலிப்சோ போன்றவை இப்படித் தாமதமாகப் பூப்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட ரகங்கள்.

சமையலறையில் இருக்கும் மல்லி விதையும் முளைக்கும், அது வறுக்கப்படாமலும் மிகப் பழையதாகாமலும் இருந்தால். ஒரே குறை, அது எந்த ரகம் என்று தெரியாது. மசாலாவுக்காக வளர்க்கப்பட்ட ரகமாக இருந்தால் இலை குறைவாக விட்டுச் சீக்கிரம் பூத்துவிடும். பழகிப் பார்ப்பதற்கு அது போதும். தொடர்ந்து இலை வேண்டும் என்றால் இலை ரக விதைக்குச் செலவிடுவது வீண் போகாது.

இளஞ்சிவப்போ நீலமோ சாயம் பூசிய விதை வாங்கினால், அது பூஞ்சைக்கொல்லி கலந்தது. அதை ஊறவைக்காமல் அப்படியே விதையுங்கள். தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், மீந்ததைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

விதையை உடைப்பதும் ஊறவைப்பதும்

நாம் விதை என்று கையில் எடுக்கும் அந்த உருண்டை உண்மையில் ஒரு காய்ந்த கனி. அதற்குள் இரண்டு பாதிகள் முகத்தோடு முகம் ஒட்டிக்கிடக்கின்றன. ஒவ்வொரு பாதியிலும் ஒரு விதை. உருண்டையை அப்படியே புதைத்தாலும் முளைக்கும். ஆனால் கடினமான ஓட்டுக்குள் ஈரம் இறங்க நாளாகும், முளைப்பும் முன்னும் பின்னுமாக இருக்கும். அதோடு ஒரே இடத்திலிருந்து இரண்டு நாற்றுகள் கிளம்பி ஒன்றையொன்று நெருக்கும்.

ஆகவே உடைக்க வேண்டும், நசுக்கக் கூடாது. விதைகளை ஒரு துணியின்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மேலே இன்னொரு துணியை மூடி, உருட்டுக்கட்டையையோ கண்ணாடிப் புட்டியையோ வைத்து மெதுவாக அழுத்தி உருட்டுங்கள். 'டக்' என்று பிளக்கும் ஓசை கேட்டால் போதும். அரைக்கோள வடிவில் இரண்டு பாதிகளாக விழுந்தால் சரியான அழுத்தம். மூன்று நான்கு துண்டாகவோ பொடியாகவோ போனால் அழுத்தம் அதிகம், அந்தத் துண்டுகள் முளைக்காது. நூற்றுக்குப் பத்து உடையாமல் நின்றாலும் கவலையில்லை, அவற்றையும் சேர்த்தே விதைக்கலாம். மிக்ஸியில் ஒரு சுற்று விடுவது வேண்டவே வேண்டாம். அதில் முளைக்கரு அடிபடும்.

உடைத்த விதையை வெதுவெதுப்பான நீரில் இரவு முழுவதும், அதாவது 8 முதல் 12 மணி நேரம், ஊறவையுங்கள். ஒரு முழு நாளுக்கு மேல் நீருக்குள் கிடந்தால் காற்றில்லாமல் அழுகத் தொடங்கும். காலையில் நீரை வடித்துவிட்டு, கையில் ஒட்டாத அளவுக்கு நிழலில் உலர்த்தி உடனே விதையுங்கள். ஊறிய விதையை மறுபடி முழுக்கக் காயவிட்டு எடுத்துவைப்பது சரிவராது. உள்ளே விழித்த கரு அப்படியே மடிந்துவிடும். அன்றைக்கு விதைக்கப்போகும் அளவை மட்டும் ஊறவைப்பது நல்லது.

விதையைத் துணியில் கட்டி, முளை எட்டிப் பார்த்த பிறகு விதைப்பவர்களும் உண்டு. வேகமான முறைதான். ஆனால் அந்த வெள்ளை முளை ஒடிந்தால் அந்த விதை போயிற்று. கை நிதானமுள்ளவர்கள் செய்யலாம்.

தொட்டியும் மண்ணும்

இந்தச் செடிக்கு ஆணிவேர் உண்டு, நேராகக் கீழே இறங்கும். அதனால் அகலம் எவ்வளவு இருந்தாலும் ஆழம் 20 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. 25 இருந்தால் இன்னும் நல்லது. ஆழமற்ற தட்டில் வளரும் செடி வேர் முட்டி, சூடேறி, சீக்கிரம் பூவுக்குப் போகும். மண் தொட்டி, வளர்ப்புப் பை, பழைய வாளி எதுவானாலும் அடியில் துளைகள் இருக்க வேண்டும். கறுப்பு நிறப் பிளாஸ்டிக் வெயிலில் கடுமையாகச் சூடேறும். அது மட்டும்தான் கையில் இருக்கிறதென்றால் வெளிப்பக்கத்தில் ஒரு சாக்கைச் சுற்றிவிடுங்கள்.

மண் கலவை பொலபொலவென்று இருக்க வேண்டும். இரண்டு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு என்று கலந்தால் போதும். களிமண்ணாக இருந்தால் நார்க்கழிவோடு கொஞ்சம் ஆற்று மணலும் சேருங்கள். கார அமில நிலை (pH) 6 முதல் 7.5 வரை இருந்தால் இதற்குப் பொருந்தும். மக்காத சாணத்தைப் போடாதீர்கள், சூடேறி இளம் வேரைக் கருக்கிவிடும். தரையில் பாத்தி போடுவதாக இருந்தால் ஒரு சாண் ஆழம் கொத்திக் கட்டிகளை உடைத்து, அதே உரத்தைக் கலந்து சமப்படுத்துங்கள்.

கேரட், பெருஞ்சீரகம், சீரகம், பார்ஸ்லி ஆகியவை கொத்தமல்லியின் குடும்பம்தான். இவற்றில் ஏதாவது நோய்ப்பட்டுப் போன மண்ணில் உடனே கொத்தமல்லியை விதைக்க வேண்டாம்.

விதைத்தல்

நாற்றங்காலில் வளர்த்துப் பிடுங்கி நடும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். ஆணிவேர் அறுபட்டால் செடி தேறி வருவதற்கே வாரங்கள் போகும். தேறினாலும், அடிபட்ட செடி இலை விடாமல் பூக்கத்தான் விரும்பும். எங்கே வளர வேண்டுமோ அங்கேயே விதைக்க வேண்டும். கடையில் வாங்கிய கொத்தமல்லிக் கட்டில் வேரோடு இருக்கும் தண்டுகளை நட்டு வளர்க்கலாம் என்று சொல்வதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை ஏற்கெனவே வயதான செடிகள். துளிர்த்தாலும் ஓரிரு இலையோடு பூத்துவிடும்.

விதைப்பதற்கு முந்தைய நாளே தொட்டி மண்ணை நன்றாக நனைத்துவிடுங்கள். மறுநாள் ஈரம் பரவி, கையால் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் பதத்தில் இருக்கும். விரல் நுனியால் கோடு கிழியுங்கள். ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம் போதும். கோட்டுக்குக் கோடு 8 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு விதைப் பாதியாக இடுங்கள். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தொட்டிக்கு 20 முதல் 25 முழு விதைகள், உடைத்தால் 40 முதல் 50 பாதிகள், சரியாக இருக்கும். எல்லாமே முளைக்காது என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

கொத்தாகத் தூவிவிட்டு மண்ணைக் கிளறுவது எளிதாகத் தெரியும். ஆனால் சில விதை மேலேயே காயும், சில விதை ஆழத்தில் புதையும். கோடு கிழித்து விதைத்தால், பிறகு களை எது, நாற்று எது என்று கண்டுபிடிப்பதும் சுலபம்.

மேலே மூடுவதற்குச் சலித்த மண்புழு உரத்தையோ நார்க்கழிவையோ பயன்படுத்துங்கள். சாதாரண மண் நீர்பட்டு இறுகி ஓடுபோல் ஆகிவிட்டால் இளம் முளைக்கு அதைத் துளைக்கத் தெம்பு போதாது. கையால் லேசாக அழுத்தி, பூவாளியால் மென்மையாக நீர் தெளியுங்கள். குழாயை நேராகத் திறந்துவிட்டால் விதையெல்லாம் ஓரத்தில் குவிந்துவிடும்.

முளைக்கும் வரை

பொறுமை வேண்டிய பகுதி இது. இதமான வெப்பத்தில் 7 முதல் 10 நாளில் முளை தெரியும். குளிர் அதிகமானால் மூன்று வாரம்கூட ஆகலாம். அதுவரை மண்ணின் மேற்பரப்பு ஒருமுறைகூட முழுதாகக் காயக் கூடாது, சேறாகவும் நிற்கக் கூடாது. ஈரச் சாக்கையோ செய்தித்தாளையோ தொட்டிமேல் மூடிவைத்தால் ஈரம் நிற்கும். ஆனால் தினமும் தூக்கிப் பார்க்க வேண்டும். முதல் முளை தெரிந்த அன்றே அதை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் முளைகள் வெளுத்து, நீண்டு, சாய்ந்துவிடும்.

முதலில் வருவது நீளமான, ஓரத்தில் வெட்டில்லாத இரண்டு வித்திலைகள். புல் என்று நினைத்துப் பிடுங்கிவிட வேண்டாம். அதற்குப் பிறகு வருவதுதான் விளிம்பில் வெட்டுள்ள, நமக்குப் பழக்கமான விசிறி இலை.

நாற்று ஐந்தாறு சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நெருக்கத்தைக் கலைக்க வேண்டும். இலைக்காக வளர்க்கும் செடிகளுக்கு இடையே 4, 5 சென்டிமீட்டர் இருந்தால் போதும். நெருக்கமாக வளரும் செடிகள் ஒன்றுக்கொன்று நிழல் கொடுத்து மண்ணையும் குளிர்ச்சியாக வைக்கும். பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும் என்பதால், வேண்டாத நாற்றைத் தரைமட்டத்தில் கத்தரித்துவிடுங்கள். அந்த இளம் நாற்றும் உண்ணத்தக்கதே, மணமும் இருக்கும்.

வெயில், தண்ணீர், உரம்

குளிர் மாதங்களில் நாளுக்கு ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் தேவை. வெயில் போதாத ஜன்னலில் தண்டு மெலிந்து வெளிச்சத்தை நோக்கிச் சாயும். வெப்ப மாதங்களில் காலை வெயில் மட்டும் படும் இடம் போதும், பிற்பகலில் நிழல் அவசியம். அப்படி இடம் இல்லையென்றால் 50 சதவீத நிழல்வலை கட்டலாம், அல்லது உயரமான வேறு செடியின் கிழக்குப் பக்கத்தில் தொட்டியை வைக்கலாம்.

தண்ணீரைக் கிழமை பார்த்து ஊற்றாதீர்கள். விரலை இரண்டு சென்டிமீட்டர் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள், ஈரமிருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு நாள் வாடவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவது இந்தச் செடிக்கு மிகப் பெரிய கெடுதல். வறட்சியைக் கண்டால் ஆயுள் முடிகிறது என்று எண்ணிப் பூக்கத் தயாராகும். காலையில் ஊற்றுவதே நல்லது. மாலையில் ஊற்றினால் இலைமேல் ஈரம் இரவெல்லாம் தங்கிப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். செடிகளைச் சுற்றிக் காய்ந்த இலைச் சருகை மெல்லிய அடுக்காகப் பரப்பினால் வேர்ப்பகுதி குளிர்ச்சியாக இருக்கும்.

கலவையில் உரம் சேர்த்திருந்தால் முதல் மாதம் எதுவும் வேண்டாம். முதல் அறுவடைக்குப் பிறகு ஒரு கைப்பிடி மண்புழு உரத்தைத் தூவிக் கிளறிவிடுங்கள். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலை பெரிதாகும், மணம் குறையும், அசுவினிப் பூச்சியும் தேடி வரும்.

பூச்சியும் நோயும்

நாற்று திடீரென்று மண்மட்டத்தில் இளைத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். மண்ணிலுள்ள பூஞ்சைகளின் வேலை. ஈரம் மிகுந்து காற்றோட்டம் குறைந்தால்தான் இது வரும். சாய்ந்ததை எடுத்துவிட்டு நீரைக் குறையுங்கள். முன்கூட்டியே டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை மக்கிய உரத்தோடு கலந்து மண்ணில் சேர்ப்பது நல்ல தடுப்பு.

அசுவினி இளந்தண்டிலும் இலையின் அடியிலும் கூட்டமாக அப்பிச் சாற்றை உறிஞ்சும். தொடக்கத்திலேயே கண்டால் நீரைப் பீய்ச்சி உதிர்த்துவிடலாம். மிஞ்சினால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்ப எண்ணெயும், அது நீரில் கலப்பதற்குச் சில துளி திரவச் சோப்பும் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். பச்சையாகவே உண்ணும் இலை என்பதால் தெளித்த பின் சில நாள் பறிக்காமல் விட்டு, பிறகு நன்றாகக் கழுவிப் பயன்படுத்துங்கள். இரசாயனப் பூச்சிமருந்து வீட்டுத் தொட்டிக்குத் தேவையே இல்லை. அவ்வளவு மோசமாகப் பரவிவிட்டால் அந்தத் தொட்டியை அழித்து மறுபடி விதைப்பதே மேல், ஆறு வாரத்தில் புது இலை வந்துவிடும்.

இலைமேல் வெள்ளைப் பொடி படிந்தால் சாம்பல் நோய். பட்ட இலைகளைக் கத்தரித்து, செடிகளிடையே காற்றுப் போக வழிசெய்யுங்கள். செடி முழுவதும் மஞ்சளாகித் துவண்டு, நீர் ஊற்றியும் நிமிரவில்லை என்றால் வாடல் நோயாக இருக்கலாம். அதற்குப் பிழைப்பில்லை. செடியை வேரோடு அகற்றி, அந்த மண்ணை அடுத்த கொத்தமல்லிக்குப் பயன்படுத்தாமல் இருங்கள்.

பறித்தல்

விதைத்து 35 முதல் 45 நாளில், செடி ஒரு சாண் உயரம் வந்ததும் பறிக்கத் தொடங்கலாம். வெளிப்பக்கத்து முதிர்ந்த இலைகளைக் காம்போடு அடியில் கத்தரியுங்கள். நடுவிலிருக்கும் குருத்தைத் தொடாதீர்கள், அங்கிருந்துதான் அடுத்த இலை வரும். ஒரே நேரத்தில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். மொத்தமாக வேண்டுமென்றால் மண்ணிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் விட்டு அறுக்கலாம். இளஞ்செடியானால் அதிலிருந்து இன்னும் ஓரிரு முறை துளிர்க்கும். காலை வேளையில் பறித்த இலை நெடுநேரம் வாடாது. பறிக்காமல் அழகு பார்ப்பதால் செடிக்கு நன்மை எதுவும் கிடையாது, இலை முற்றிப் போவதுதான் மிச்சம்.

நடுத்தண்டு உயர்ந்து, புதிதாக வரும் இலைகள் விசிறி வடிவத்தை விட்டுச் சோம்புத் தழைபோல் நூல்நூலாக மாறினால் செடி பூக்க முடிவெடுத்துவிட்டது. அந்தத் தண்டை ஒடித்தால் ஒரு வாரம் தாமதப்படுத்தலாம், அதற்கு மேல் இல்லை. ஒடித்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. நல்ல இலையெல்லாம் அன்றே பறித்துவிட்டு, தொட்டியைக் காலிசெய்யுங்கள், அல்லது விதைக்கு விடுங்கள்.

நான்கு தொட்டிக் கணக்கு

ஒரு தொட்டி விதைப்பிலிருந்து கடைசி இலை வரை ஒன்பது, பத்து வாரம் இருக்கும். இரண்டரை வாரத்துக்கு ஒரு தொட்டி என்று நான்கு தொட்டிகளில் முறைவைத்து விதைத்தால், நான்காவது வளரும்போது முதல் தொட்டி காலியாகி மறுவிதைப்புக்குத் தயாராகும். எந்த வாரமும் ஒரு தொட்டியிலாவது பறிக்கும் பதத்தில் இலை இருக்கும். ஒவ்வொன்றிலும் விதைத்த தேதியை எழுதிய ஒரு குச்சியைச் செருகிவையுங்கள். மறுவிதைப்புக்கு முன் பழைய வேரை எடுத்து, மண்ணைக் கிளறி, கால் பங்கு புது மண்புழு உரம் சேருங்கள். கோடையில் இடைவெளியைப் பத்து நாளாகக் குறைக்க வேண்டியிருக்கும்.

விதைக்கு விடுதல்

பூத்த செடியை எல்லோரும் பிடுங்கிவிட வேண்டியதில்லை. வெள்ளையும் இளஞ்சிவப்புமான அந்தக் குடைப் பூங்கொத்துகளுக்குத் தேனீக்களும் மிதவை ஈக்களும் வரும். மிதவை ஈயின் புழுக்கள் அசுவினியைத் தின்பவை, பக்கத்துச் செடிகளுக்கும் அதனால் லாபம்.

இங்கே ஒரு முக்கியமான தேர்வு இருக்கிறது. முதலில் பூத்த செடியிலிருந்து விதை எடுத்தால், சீக்கிரம் பூக்கும் குணத்தையே அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறோம். அவசரமாகப் பூத்தவற்றை முன்னமே நீக்கிவிட்டு, கடைசியாகப் பூத்த, இலை செழித்த செடிகளை மட்டும் நிறுத்துங்கள். பூச்சிகளால் அயல் மகரந்தச் சேர்க்கையும் நடப்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் இருப்பது நல்லது. இவற்றுக்கு 15 சென்டிமீட்டர் இடைவெளியும், சாயாமல் இருக்கக் குச்சியும் தேவை.

பச்சைக் காய் நசுக்கினால் கடுமையான நெடி அடிக்கும். முற்றி உலர உலர அந்த நெடி போய், லினலூல் என்ற எண்ணெய்ச் சேர்மத்தின் இனிய மணம் மேலோங்கும். மூக்கால் முற்றலை அறிய இதுவே வழி. காய்களில் பாதிக்கு மேல் பழுப்பானதும், பனி ஈரம் இருக்கும் காலையில் கொத்தோடு அறுங்கள். வெயில் ஏறினால் விதை உதிரும். காகிதப் பைக்குள் தலைகீழாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் இரண்டு வாரம் தொங்கவிட்டால் பெரும்பாலும் தானாகவே பைக்குள் உதிர்ந்துவிடும். தூசி புடைத்து, இன்னும் சில நாள் நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் முழு விதையாகவே வையுங்கள். உடைப்பது விதைக்கும்போது மட்டும்தான்.

குளிர்ந்த, இருட்டான இடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் முளைப்புத் திறன் இருக்கும். பழைய விதையில் சந்தேகம் வந்தால் பத்து விதையை எடுத்து உடைத்து, ஈரத்துணியில் சுருட்டி, காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் பாதிக்கும் கீழே முளைத்தால், தொட்டிக்கு இடும் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். இரண்டு மூன்று மட்டுமே முளைத்தால் புது விதை வாங்கிவிடலாம்.